ரயிலுக்காக வெட்டிய பள்ளம்

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சந்திப்பில், மதியச் சாப்பாட்டுக்கு முந்திய அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை அங்கங்கே அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



செயலாளர் அண்ணன் போன் பண்ணி, "டெக்னிக்கலா ஒரு அரை மணி நேரம் பேசுப்பா. ஆனா வீட்டுக்காரங்க, குழந்தைங்க எல்லாம் இருப்பாங்க. அவங்களுக்கும் புரியணும்" என்றார். பைல் ஃபவுண்டேஷன், பியர் கேப் என்று ஆரம்பித்தால் பாதிப் பேர் எழுந்து மெஸ் பக்கம் போய்விடுவீர்கள். அதனால் ஒரு ரயில்வே கட்டிங்கைப் பற்றிப் பேசப் போகிறேன். அதில் இப்போது ரயில் ஓடுவதில்லை. ஓடிய காலமும் கொஞ்சம்தான். ஆனால் அதன் சுவருக்குள்ளிருந்து பத்து லட்சம் வருஷத்துக்கும் முந்திய மனித முகம் ஒன்று வெளியே வந்திருக்கிறது.

இடம், வட ஸ்பெயின். புர்கோஸ் என்று ஒரு பழைய நகரம். அங்கிருந்து கிழக்கே சுமார் 15 கிலோமீட்டரில் அட்டபுவெர்கா என்ற சின்ன மலைத்தொடர். மலை என்றால் நம் கொல்லிமலை, பச்சைமலை மாதிரி நினைத்துக்கொண்டு போகாதீர்கள். சுற்றிலும் கோதுமை வயல். நடுவில் ஒரு சுண்ணாம்புப் பாறை மேடு, அவ்வளவுதான். 2023-இல் எங்கள் கம்பெனி ஒரு சுரங்கப்பாதை வேலைக்கான பயிற்சிக்கு என்னை மூன்று வாரம் மாட்ரிட்டுக்கு அனுப்பியது. ஒரு சனிக்கிழமை கூட வந்தவர்கள் எல்லாம் கால்பந்து ஸ்டேடியம் பார்க்கப் போனார்கள். நான் பஸ் பிடித்து புர்கோஸ் போனேன்.

முதலில் அந்தப் பள்ளத்தைச் சொல்லிவிடுகிறேன். நீளம் அரைக் கிலோமீட்டர். ஆழம் சில இடங்களில் 20 மீட்டர் வரை. இரண்டு பக்கமும் கிட்டத்தட்டச் செங்குத்து. சிவில் படித்தவர்களுக்குச் சொல்கிறேன், நல்ல கெட்டியான சுண்ணாம்புப் பாறை, அதனால் சரிவே கொடுக்காமல் வெட்டியிருக்கிறார்கள். 125 வருஷம் ஆகியும் நிற்கிறது. வெட்டியது 1896-க்கும் 1901-க்கும் இடையில். வெட்டியவர்கள் 'தி சியரா கம்பெனி லிமிடெட்' என்ற பிரிட்டிஷ் கம்பெனி. தெற்கே சியரா டி லா டெமாண்டா மலையிலிருந்து நிலக்கரியும் இரும்புத் தாதுவும் கொண்டுவருவதற்கான குறுகிய பாதை. கணக்கு ஒத்துவரவில்லை. சில வருஷங்களே ஓடி, பாதை கைவிடப்பட்டது. தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பள்ளத்தை யார் கழற்ற முடியும்? அது அப்படியே கிடந்தது.

உள்ளே நடந்து போகும்போது கவனித்தால், சாம்பல் நிறப் பாறைச் சுவரில் திடீர் திடீரென்று சிவப்பும் பழுப்புமாக மண் தெரியும். பாறைக்குள் மண் எப்படி வந்தது? மழைத்தண்ணீர் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக் குகை ஆக்கும். பிறகு குகையின் வாய் வழியாக, மேலே விட்டுப்போன ஓட்டை வழியாக, மண்ணும் கல்லும் வௌவால் எச்சமும் செத்த மிருகமும் உள்ளே போய், லட்சக்கணக்கான வருஷத்தில் குகை கூரை வரைக்கும் நிரம்பிவிடும். வாயும் மூடிவிடும். அதற்குமேல் புல் முளைத்துவிட்டால், அந்த இடத்தில் குகை இருந்தது என்று மேலே ஆடு மேய்ப்பவனுக்குத் தெரியாது. ரயில்காரன் வந்து, பலாப்பழத்தை அறுத்தால் சுளை தெரிகிற மாதிரி, அந்த நிரம்பிய குகைகளைக் குறுக்கே அறுத்துவிட்டுப் போய்விட்டான்.

நம்மைப் போன்றவர்களுக்கு அது என்ன? கேவிட்டி. தொந்தரவு. லூஸ் மண்ணை வாரிக் கொட்டு, கன்கிரீட் ஊற்று, மேலே போ. அந்தக் காலத்து இன்ஜினீயரும் அதைத்தான் செய்திருப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். ஆதி மனிதனின் எலும்பு என்றால் யாரோ தாடி வைத்த பேராசிரியர் பாலைவனத்தில் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு கண்டுபிடிப்பதாகத்தான் நம் மனசில் ஒரு படம் இருக்கிறது. அப்படியும் நடந்திருக்கிறது. ஆனால் 1856-இல் ஜெர்மனியில் நியாண்டர்தால் எலும்பு கிடைத்தது சுண்ணாம்புக்கல் குவாரியில். 1907-இல் மாவர் என்ற ஊரில் தாடையெலும்பு கிடைத்தது மணல் குவாரியில். 1921-இல் இன்றைய ஜாம்பியாவில் மண்டையோடு கிடைத்தது சுரங்கத்தில். 1924-இல் தென்னாப்பிரிக்காவின் டாங் குழந்தை மறுபடியும் சுண்ணாம்புக் குவாரி. முதலில் பார்த்த கண் எல்லாம் கடப்பாரை பிடித்தவன் கண். பேர் வாங்கியவர்கள் வேறே.

சரி, அட்டபுவெர்காவுக்கு வருவோம். புர்கோஸில் எடெல்வைஸ் என்று ஒரு குகை ஆர்வலர் குழு. 1950-களிலிருந்தே இந்த மலைக்குள் இறங்கி, அளந்து, வரைபடம் போட்டு வைத்திருந்தார்கள். 1976-இல் டிரினிடாட் டோரஸ் என்பவர் அவர்களைத் தேடி வந்தார். அவர் மைனிங் இன்ஜினீயர். கைதட்டலாம், நம்ம ஆள்தான். அவர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தது பழங்காலக் கரடிகளைப் பற்றி. கரடி எலும்பு நிறையக் கிடைக்கும் ஒரு குழி இருக்கிறது என்று குகைக் குழுவினர் அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். இறங்கித் தோண்டிய இடத்தில் கரடி எலும்புகளோடு ஒரு மனிதத் தாடையும் வந்தது. அதைத் தன் ஆசிரியர் எமிலியானோ அகிர்ரேயிடம் எடுத்துக்கொண்டு போனார். அகிர்ரே மனித எலும்பில் தேர்ந்தவர். அது இன்றைய மனிதனுடையது இல்லை என்று கண்டுகொண்டு, 1978-இல் பெரிய அளவில் அகழாய்வைத் தொடங்கினார். குழி ஒன்றோடு நிற்காமல், ரயில் பள்ளத்துச் சுவர்களிலும் ஆரம்பித்தார். அங்கேதான் அவருடைய பெரிய மனசும் பெரிய புத்தியும் தெரிகிறது. 1991 முதல் அவருடைய மாணவர் வரிசையிலிருந்து மூன்று பேர் சேர்ந்து நடத்தினார்கள்: ஹுவான் லூயிஸ் அர்சுவாகா, ஹோசே மரியா பெர்முடெஸ் டி காஸ்ட்ரோ, எவுடால்ட் கார்போனெல்.

அந்தக் குழியின் பெயர் 'சீமா டி லோஸ் உவேசோஸ்'. எலும்புக் குழி என்று அர்த்தம். ரயில் பள்ளத்தில் இல்லை. பக்கத்திலுள்ள பெரிய குகைக்குள். குகை வாயிலிலிருந்து உள்ளே அரைக் கிலோமீட்டர் போக வேண்டும். சில இடத்தில் நிமிர்ந்து, சில இடத்தில் தவழ்ந்து. அதற்குப் பிறகு 13 மீட்டர் செங்குத்தான கிணறு. அதன் அடியில் ஒரு சின்ன அறை. காற்று குறைவு, வருஷம் பூராவும் ஒரே குளிர், ஈரம். பார்வையாளரை விடமாட்டார்கள், நானும் உள்ளே போனதில்லை. புர்கோஸில் 2010-இல் திறந்த மனிதப் பரிணாம அருங்காட்சியகத்தில் அதன் எலும்புகளைப் பார்த்தேன்.

அங்கே ஆரம்பத்தில் என்ன பிரச்சினை தெரியுமா? கரடிப் பல் எடுப்பதற்காகவே உள்ளூர் இளவட்டங்கள் பல தலைமுறையாக அந்தக் குழிக்குள் இறங்கியிருக்கிறார்கள். மேல்மண் எல்லாம் கிளறிவிட்ட மண். அதில் எலும்பு கிடைத்தாலும் எந்த அடுக்கில் இருந்தது என்று சொல்ல முடியாது. ஆகவே 1980-களில் வருஷக்கணக்காக மாணவர்கள் அந்தக் கிளறிய மண்ணை டன் கணக்கில் முதுகுப் பையில் வெளியே சுமந்தார்கள். கன்வேயர் கிடையாது, வின்ச் கிடையாது. சுமந்த மண்ணைப் பக்கத்து அர்லான்ஸோன் ஆற்றில் வைத்துச் சல்லடையில் அலசினார்கள். ஒரு பல்லும் தப்பக்கூடாது. இதை நான் ஏன் இழுத்துச் சொல்கிறேன் என்றால், இன்றைக்கு அருங்காட்சியகத்தில் மண்டையோட்டைப் பார்க்கிற யாரும் அந்த முதுகுப் பைகளை நினைப்பதில்லை.

1992 ஜூலையில் கிளறாத மண்ணை எட்டினார்கள். மண்டையோடுகள் வந்தன. ஐந்தாம் எண் மண்டையோடு கிட்டத்தட்ட முழுசு. 'மிகுவெலோன்' என்று செல்லப் பெயர் வைத்தார்கள். அந்த வருஷம் சைக்கிள் பந்தயத்தில் ஜெயித்த மிகுவேல் இந்துராயின் ஞாபகமாக. 1994-இல் ஒரு முழு இடுப்பெலும்பு வந்தது, அதற்கு 'எல்விஸ்'. நம் ஹாஸ்டலில் ஆளாளுக்குப் பட்டப் பெயர் வைத்த மாதிரிதான். இன்றைக்கு அந்த ஒரு குழியிலிருந்து மட்டும் குறைந்தது 28 பேருடைய 6,500-க்கும் மேற்பட்ட எலும்புத் துண்டுகள். காதுக்குள் இருக்கும் அரிசி மாதிரியான எலும்புகூட விட்டுப்போகவில்லை. வயது சுமார் 4,30,000 வருஷம். உலகத்தில் வேறு எந்த ஒற்றை இடத்திலும் அந்தக் காலத்து மனித எலும்பு இவ்வளவு கிடைத்ததில்லை.

இதில் மூன்று பேரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, எல்விஸ். 45 வயதுக்கு மேல். அந்தக் காலத்துக்குக் கிழவர். இடுப்பும் முதுகெலும்பும் தேய்ந்து கோணி, நிமிர்ந்து நடக்கச் சிரமப்பட்டிருப்பார். ஒரு கோலை ஊன்றித்தான் நடந்திருக்க முடியும் என்று 2010-இல் எழுதினார்கள். வேட்டைக்குப் போயிருக்க முடியாது.

இரண்டு, ஒரு சிறுமி. பதினாலாம் எண் மண்டையோடு. மண்டையோட்டின் பொருத்து ஒன்று பிறப்பதற்கு முன்பே மூடிக்கொண்டதால் தலையும் முகமும் கோணலாக வளர்ந்திருக்கிறது. மூளை வளர்ச்சியையும் அது பாதித்திருக்கக்கூடும் என்கிறார்கள். பத்து வயதை ஒட்டி வாழ்ந்திருக்கிறாள். ஐஸ் காலத்து ஐரோப்பாவில், நெருப்புக்கே உத்தரவாதமில்லாத கூட்டத்தில், அப்படி ஒரு குழந்தை அத்தனை வருஷம் இருந்தது என்றால் யாரோ ஊட்டியிருக்கிறார்கள், தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார்கள். 2009-இல் அந்த ஆய்வு வெளியானது. என் மனைவிக்கு நான் இதைச் சொன்னபோது அவள் கேட்டது ஒரே கேள்வி: "அவங்க அம்மா எலும்பும் அந்த 28-இல் இருக்குமா?" இன்ஜினீயரிங்கில் பதில் இல்லாத கேள்வி.

மூன்று, பதினேழாம் எண். இந்த மண்டையோட்டை 52 துண்டுகளிலிருந்து ஒட்டிச் சேர்த்தார்கள். இடது கண்ணுக்கு மேலே நெற்றியில் இரண்டு ஓட்டை. இரண்டும் ஒரே அளவு, ஒரே மாதிரி. ஒரே ஆயுதத்தால் இரண்டு தரம் அடித்திருக்கிறார்கள் என்று 2015-இல் முடிவு சொன்னார்கள். கீழே விழுந்து அடிபட்டால் அச்சு அசலாக இரண்டு ஓட்டை விழாது பாருங்கள்.

அன்பும் அடிதடியும் ஒரே குழிக்குள். இந்த 28 பேரும் அங்கே எப்படி வந்தார்கள்? மற்றவர்கள் கொண்டுவந்து போட்டார்கள் என்று அர்சுவாகா அணி சொல்கிறது. 1998-இல் சிவப்புக் குவார்ட்ஸைட் கல்லில் செய்த ஒரே ஒரு கைக்கோடரி அங்கே கிடைத்தது. 'எக்ஸ்காலிபர்' என்று பெயர் வைத்து, இறந்தவருக்கு வைத்த காணிக்கை என்றார்கள். எனக்கு அந்தக் காணிக்கை விஷயம் கொஞ்சம் அதிகப்படியாகத்தான் படுகிறது. ஒரு ரீடிங்கை வைத்துக்கொண்டு கிராஃப் போட்டால் நம் புரொஃபஸர் அடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார் அல்லவா? ஆனால் பிணங்களைக் கொண்டுவந்து போட்டார்கள் என்பதை நம்பலாம் என்று தோன்றுகிறது. இறந்தவர்களில் பெரும்பாலானோர் வளரிளம் பருவமும் இளவயதும். மான், மாடு என்று இரை எலும்பு எதுவும் அங்கே இல்லை. எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் மனிதர்கள் தாங்களே குடியிருந்த இடம் அது இல்லை. 2013-இலும் 2016-இலும் அந்த எலும்பிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, ஜெர்மனியில் லைப்ஸிக் நகரத்து ஆய்வுக்கூடத்தில் படித்துவிட்டார்கள். நியாண்டர்தால் மனிதர்களின் முன்னோர் வழியில் வந்தவர்கள் என்று தெரிந்தது. நாலு லட்சம் வருஷத்து டி.என்.ஏ.! அந்தக் குளிர்தான் காப்பாற்றி வைத்திருக்கிறது.

இனி ரயில் பள்ளம். அதன் சுவரில் 'கிரான் டோலினா' என்ற குகை. 18 மீட்டருக்கு மண் அடுக்குகள், கீழிருந்து மேலாக டி.டி. ஒன்று முதல் பதினொன்று வரை நம்பர் போட்டிருக்கிறார்கள். சாரம் கட்டி, மேலே கூரை போட்டு, உச்சியிலிருந்து அகலமாகத் தோண்டிக்கொண்டு வருகிறார்கள். அந்த வேகத்தில் போனால் அடியில் என்ன இருக்கிறது என்று தெரிய ஒரு ஆயுசு ஆகும். ஆகவே நாம் போர்ஹோல் போடுகிற மாதிரி, சுமார் 6 சதுர மீட்டரில் ஒரு சோதனைக் குழியை மட்டும் முன்கூட்டியே கீழே இறக்கினார்கள். அது ஆறாவது அடுக்கை எட்டியது. 1994 ஜூலை 8-ஆம் தேதி அரோரா மார்டின் என்ற ஆய்வாளர் கைக்கு மனிதப் பற்கள் வந்தன. அந்த அடுக்குக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள்.

அப்போது ஐரோப்பாவில் 5 லட்சம் வருஷத்துக்கு முன்னால் மனிதன் கால் வைக்கவில்லை என்றுதான் பெரும்பாலோர் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பற்கள் அதைவிடப் பழசு என்று எப்படி நிரூபிப்பது? எலக்ட்ரிகல் நண்பர்கள் கவனிக்கவும். பூமியின் காந்தப்புலம் அவ்வப்போது தலைகீழாகத் திரும்பும். கடைசியாக நிலையாகத் திரும்பியது சுமார் 7,80,000 வருஷத்துக்கு முன்பு. மண்ணிலுள்ள இரும்புத் துகள்கள் படியும்போது அன்றைய காந்தத் திசையில் படியும், படிந்தபின் மாறாது. ஆகவே ஒவ்வொரு அடுக்கிலும் மாதிரி எடுத்து அளந்துகொண்டே போனால், ஒரு மட்டத்துக்குக் கீழே காம்பஸ் தலைகீழாகிவிடும். கிரான் டோலினாவில் அந்த மட்டம் ஏழாவது அடுக்கில் வந்தது. பற்கள் அதற்குக் கீழே. தீர்ந்தது விஷயம். லெவலிங்கில் பெஞ்ச் மார்க் கிடைத்த மாதிரி. ஆற்றில் அலசிய மண்ணில் கிடைத்த ஒரு பழைய இனத்து எலிப் பல்லும் அதற்கு முன்பே அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது அந்த அடுக்கின் வயதை 8 லட்சத்துக்கும் மேல் என்று சொல்கிறார்கள். 1997-இல் 'ஹோமோ ஆன்டிசெஸர்' என்று புது இனப் பெயர் கொடுத்தார்கள்.

அந்தச் சின்னக் குழியில் ஆறு பேருக்குக் குறையாத மனித எலும்புகள், இருநூறுக்கு மேல் கல் கருவிகள். கருவி என்றால் பெரிய வேலைப்பாடு ஒன்றும் கிடையாது. ஆற்றங்கரைக் கூழாங்கல்லை உடைத்து, உதிர்ந்த சில்லின் விளிம்பைக் கத்தியாகப் பயன்படுத்தினார்கள். எதை வெட்ட? குழந்தைகளைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். மானின் எலும்பில் உள்ள அதே வெட்டுக் கீறல்கள் மனித எலும்பிலும் இருக்கின்றன. மஜ்ஜைக்காக உடைத்த அடையாளமும் இருக்கிறது. தின்றுவிட்டு மிருக எலும்போடு கலந்து போட்டுவிட்டார்கள். தின்னப்பட்டவர்களில் சிறுவர்கள் அதிகம். 2025 ஜூலையில் அதே அடுக்கிலிருந்து ஒரு சின்னக் குழந்தையின் கழுத்தெலும்பு வந்தது. அதிலும் வெட்டுத் தடம். அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நாலு லட்சம் வருஷம் கழித்து அதே மலையில் ஊனமுற்ற சிறுமியைத் தூக்கி வளர்த்தவர்களும் இருந்தார்கள். மனிதன் மெல்ல மெல்ல நல்லவனாகிக்கொண்டே வந்தான் என்று ஒரு கோடு இழுக்க ஆசையாக இருக்கிறது. இரண்டு புள்ளியை வைத்துக் கோடு இழுக்கக்கூடாது. பதினேழாம் எண் நெற்றியும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

பள்ளத்தின் ஆரம்பத்திலேயே இன்னொரு குகை, 'சீமா டெல் எலெஃபான்டே', யானைக் குழி. அங்கே 2007-இல் சுமார் 12 லட்சம் வருஷத்துத் தாடையெலும்பு. அதற்கும் இரண்டு மீட்டருக்கு மேல் கீழே, 2022 ஜூன் 30 அன்று இடப்பக்க முகத்தின் துண்டுகள். நான் போனபோது வழிகாட்டிப் பெண் அந்த மூலையைக் காட்டி, "போன வருஷம் அங்கேதான்" என்று மட்டும் சொன்னார். முழு ஆய்வு 2025 மார்ச்சில் 'நேச்சர்' இதழில் வந்தது. வயது 11 லட்சத்துக்கும் 14 லட்சத்துக்கும் இடையில். மேற்கு ஐரோப்பாவில் கிடைத்த மனித முகங்களில் இதைவிடப் பழசு கிடையாது. நான் முதலில் சொன்ன முகம் இதுதான்.

இந்த யானைக் குழியில் வயது கண்டுபிடிக்க இன்னொரு வழியையும் பயன்படுத்தினார்கள். வெட்டவெளியில் கிடக்கும் குவார்ட்ஸ் கல்லில், விண்வெளிக் கதிர்கள் பட்டு அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு பொருள்கள் நுணுக்கமான அளவில் உண்டாகும். கல் மண்ணுக்குள் புதைந்துவிட்டால் உற்பத்தி நின்றுவிடும். இருப்பது மட்டும் தேயும். அலுமினியம் சீக்கிரம் தேயும், பெரிலியம் மெதுவாக. விகிதத்தைப் பார்த்தால் எப்போது புதைந்தது என்று தெரிந்துவிடும். இதே முறையை நம் திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்திலும் பயன்படுத்தினார்கள். சாந்தி பப்பு குழுவினர் 2011-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதியது: அங்குள்ள கைக்கோடரிகளுக்கு சுமார் 15 லட்சம் வயது. காந்தத் திசையும் பார்த்தார்கள். ஸ்பெயினில் அந்த முகத்துக்குரியவர் நடமாடிய காலத்தை ஒட்டியோ, அதற்கு முன்போ, கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் யாரோ அவரைவிட நேர்த்தியாகக் கல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அத்திரம்பாக்கத்தில் செதுக்கியவருடைய எலும்பு ஒன்றும் கிடைக்கவில்லை. எலும்பைக் காப்பாற்ற சுண்ணாம்புக் குகை மாதிரி இடம் வேண்டும். 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் முதல் கருவியைப் பொறுக்கினாரே, அது எங்கே தெரியுமா? சரளைக்கல்லுக்காகத் தோண்டிய குழியில். அங்கேயும் தோண்டியவன் சரளைக்கல்லுக்காக வந்தவன்தான்.

இப்போது எனக்கு உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். அட்டபுவெர்கா 2000-இல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. அங்கே எல்லாரும் அந்த ரயிலுக்கு நன்றி சொல்கிறார்கள். பள்ளம் வெட்டாவிட்டால் ஒன்றுமே தெரிந்திருக்காது என்பது உண்மை. எனக்கும் ஒரு கட்டிங் பொறியாளனாகப் பெருமைதான். ஆனால் கையில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு அங்கேயே நின்று கணக்குப் போட்டேன். அரைக் கிலோமீட்டர் நீளம், சில மீட்டர் அகலம், 20 மீட்டர் வரை ஆழம். அறுத்தது குகையின் நடுவில். இரண்டு பக்கச் சுவரில் மிச்சம் தெரிகிறது என்றால், நடுவில் இருந்தது எங்கே? வெடி வைத்து, மண்வெட்டியில் வாரி, வண்டியில் ஏற்றி எங்கேயோ கொட்டியாகிவிட்டது. 6 சதுர மீட்டரில் ஆறு பேர் கிடைத்தார்கள். வாரிக் கொட்டியதில் எத்தனை பேர் போனார்கள்? முதல் மண்டையோடு உடைந்தபோது பார்த்த கூலிக்காரர் "ஆட்டு எலும்பு" என்று தள்ளியிருக்கலாம். அவருக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. ஒப்பந்தத்திலும் ஒரு வரி இருந்திருக்காது.

நமக்கு அந்த வரி இருக்கிறது. ஃபிடிக் ஒப்பந்தப் புத்தகம் நிறையப் பேர் கையாண்டிருப்பீர்கள். 1999 சிவப்புப் புத்தகத்தில் 4.24-ஆம் ஷரத்தைப் படித்திருக்கிறீர்களா? தலைப்பே 'ஃபாசில்ஸ்'. 2017 பதிப்பில் 4.23. தொல்லெலும்போ, நாணயமோ, பழம்பொருளோ கிடைத்தால் யாரும் எடுத்துக்கொண்டு போகாமலும் சேதப்படுத்தாமலும் காண்ட்ராக்டர் பார்த்துக்கொள்ள வேண்டும். உடனே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதனால் வேலை தாமதமானால் கூடுதல் நாளும், ஆன செலவும் கேட்கலாம். லாபம் கிடையாது, செலவு உண்டு. டிலே கிளெய்ம், எஸ்கலேஷன் எல்லாம் தலைகீழாக ஒப்பிக்கிற நாம் இந்த ஒன்றை மட்டும் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை.

சில வருஷத்துக்கு முன் ஒரு புறவழிச்சாலை வேலை. எந்த ஊர், எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். ராத்திரி ஷிஃப்ட். எக்ஸ்கவேட்டர் ஆபரேட்டர் அண்ணன் மெஷினை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். "சார், வாளியில பானை மாதிரி வருது சார். எங்க ஊர்ப் பக்கம் இதைத் தாழின்னு சொல்லுவாங்க." லைட் அடித்துப் பார்த்தால் முதுமக்கள் தாழி. ஒன்றின் வாய் உடைந்திருந்தது, பக்கத்தில் இன்னும் இரண்டு முழுசாக. மேலிடத்துக்குப் போன் போட்டேன். பதில்: "போட்டோ எடுக்காதே. டிப்பர்ல ஏத்திட்டு வேலையைப் பாரு. ஒரு நாள் நின்னா எவ்வளவுன்னு தெரியுமில்ல?" தெரியும். அதனால்தான் காலையில் அந்த ஷரத்தை எடுத்துக் காட்டி நோட்டீஸ் எழுதினேன். மெஷினை இருநூறு மீட்டர் தள்ளி வேறு இடத்தில் போட்டோம். தாசில்தார் வந்தார், பிறகு தொல்லியல் ஆட்கள் வந்தார்கள். ஒன்பது நாள். படம் வரைந்து, அளந்து, மூன்று தாழிகளையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த ஒன்பது நாளும் எங்களுக்குக் கூடுதல் காலமாகக் கிடைத்தது. மெஷின் சும்மா நின்ற செலவு பில்லில் பாஸானது. மேலிடம் என்னிடம் ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை, அதுவும் பாஸானது.

நான் சொல்ல வருவது அந்த ஆபரேட்டர் அண்ணனைப் பற்றி. அவர் மெஷினை நிறுத்தாமல் இருந்திருந்தால் எனக்கே தெரிந்திருக்காது. காலையில் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் ஹெல்மெட் போடு, பெல்ட் போடு என்கிறோம். அதோடு, "எலும்போ பானையோ செதுக்கிய கல்லோ கண்ணில் பட்டால் மெஷினை நிறுத்திக் கூப்பிடு, உன் சம்பளத்தில் கை வைக்கமாட்டோம்" என்று ஒரு வாக்கியம் சேர்க்க எவ்வளவு நேரம் ஆகும்? நான் இப்போது என் சைட்டில் சேர்த்துவிட்டேன். இந்த ஹாலில் இன்றைக்கு நெடுஞ்சாலை, ரயில்வே, குவாரி, மெட்ரோ என்று மண்ணை வெட்டுகிறவர்கள் ஐம்பது பேராவது இருப்பீர்கள். நோட்டீஸுக்கான மாதிரிக் கடிதம் ஒரு பக்கம் டைப் அடித்து வைத்திருக்கிறேன். வாசலில் பதிவு மேஜையில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, போக நினைப்பவர்களுக்கு. மாட்ரிட்டிலிருந்து புர்கோஸுக்கு பஸ்ஸில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். பள்ளத்தைப் பார்க்க முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். தனியாக நடக்க விடமாட்டார்கள். உள்ளே போகும்போது ஹெல்மெட் கொடுப்பார்கள், நமக்குப் பழக்கம்தான். ஜூன், ஜூலையில் போனால் சாரத்தின்மேல் ஆட்கள் உட்கார்ந்து தோண்டிக்கொண்டிருப்பதைக் கண்ணால் பார்க்கலாம். வெயில் காலம் என்று நம்பிப் போகாதீர்கள், காலையில் குளிரும், ஒரு ஸ்வெட்டர் வேண்டும். அருங்காட்சியகத்துக்கு அரை நாளாவது வையுங்கள். பதினேழாம் எண் நெற்றியைக் கிட்டே போய்ப் பாருங்கள்.